நீ மறக்காத கிரீஸ்

சேவியர், இதை வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. கையைக் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படி. அடுத்த மாதம் உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் திருமணம். மணமகனின் தாய் எழுதும் கடிதத்தில் வாழ்த்தும் ஆசீர்வாதமும் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவை உனக்குக் கோயிலில் எல்லார் முன்னிலையிலும் கிடைக்கும். இங்கே நான் எழுதப்போவது ஒரு சின்ன விமானத்தின் இறக்கையைப் பற்றி. நம் பங்குக் கோயிலின் மாத இதழுக்கு இதைக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது நீ கூச்சப்பட்டாய். ஏன் கொடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவர், "டீச்சர், உங்க மகன்தானே அப்ப பிளேனுக்கு கிரீஸ் போட மறந்த ஆளு? இப்ப கல்யாணமா? நல்லது லா" என்றார். அவர் கேலி செய்யவில்லை, அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் அங்கேயே பதில் கொடுத்திருப்பேன். நீ தலைகுனிந்து ஒத்துக்கொண்டதை இந்த ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி நான். ஊருக்குப் பாதி தெரிந்திருக்கும்போது மீதியும் தெரியட்டும்.

அன்று மாலையே இன்னொன்றும் நடந்தது. சுபாங்கில் உன் வேலைக்குத் திரும்பும் முன் நீ கூடத்தில் நின்று ஸ்டெல்லாவுடன் தொலைபேசியில் பேசினாய். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நம் வீட்டுக் கூடம் சிறியது. அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் நீ, "சாரி, சாரி, என் தப்புதான்" என்றாய். பேசி முடித்து வந்தவனிடம், அவள் எதைப் பற்றிச் சொன்னாள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலம்மா" என்றாய். மறுநாள் காலையில் பேனாவை எடுத்துவிட்டேன்.

இந்தப் பழக்கம் உனக்கு வந்தது நம் வீட்டில்தான். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நாம் இருந்தபோது, சனிக்கிழமை மாலைகளில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும் முன் உன்னையும் உன் அக்காவையும் மேசையருகே உட்கார வைப்பேன். அந்த வாரம் செய்த தவறை அவரவரே சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லும் முன் தானாகச் சொன்னால் தண்டனை கிடையாது. கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள், நானும் அப்படியே வளர்த்தேன். ஒரு முறை சுவர்ப்பலகையிலிருந்து என் பீங்கான் கிண்ணம் விழுந்து உடைந்தது. உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். அக்கா வாயைத் திறப்பதற்குள், "நாந்தாம்மா" என்றாய். உன் நேர்மையை மெச்சி ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன். சில நாள் கழித்து அந்தப் பலகையே பெயர்ந்து விழுந்து, மிச்சமிருந்த பீங்கானெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. பலகையைத் தாங்கிய ஆணி துருவேறி இற்றுப்போயிருந்தது. முதல் கிண்ணம் உடைந்தபோது நீ வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய் என்று அக்கா அப்போதுதான் சொன்னாள். "ஏண்டா நீன்னு சொன்னே?" என்று கேட்டேன். "யாராச்சும் சொன்னாத்தானம்மா நீங்க கோவத்த விடுவீங்க" என்றாய். எல்லாரும் சிரித்தோம். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் உன் அப்பா.

அவருக்கும் அதே பழக்கம். தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்தவரை அது எனக்குத் தெரிந்ததில்லை, ஏனென்றால் அங்கே அவர் அலுவலகமும் வீடும் கூப்பிடு தூரம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்ததில்லை. எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற பிறகு குனோங் ராபாட்டில் இந்த வீட்டுக்கு வந்தோம். அவர் ஈப்போ நகரில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனார். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேர அவருக்கு வரவர நேரமானது. சோறு ஆறிப்போகிறது என்று நான் சலித்துக்கொள்வேன். "மன்னிச்சிரு, என் சோம்பேறித்தனம்" என்பார். நான் மன்னித்துச் சோற்றைப் போடுவேன். ஒரு நாள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் பல மாதமாகவே பலவீனமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். சோம்பேறித்தனம் என்று அவர் சொன்னதும் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்த பிறகு யாரும் தேடுவதில்லை. இதற்கு மேல் இதை எழுத மாட்டேன். மேற்கொண்டு சொல்லப்போவதை நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாகச் செய்தேன் என்பது உனக்கு விளங்கினால் போதும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ இங்கே விமானத் திடலோரம் இருந்த ஒரு தனியார் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாய். அதுதான் உன் முதல் வேலை. அங்கே நிறுத்தியிருந்த விமானங்களில் ஒன்று லெட்சுமணன் அவர்களுடையது. கமுந்திங்கில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ஆலை வைத்திருந்தவர். தானே ஓட்டுவார். அவருடைய மகள் வள்ளி என் வகுப்பில் படித்தாள், அதனால் என்னை டீச்சர் என்பார். நான்கு பேர் உட்காரக்கூடிய, இறக்கை தலைக்கு மேலே இருக்கும் சின்ன விமானம் அது. இறக்கைகளின் பின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக நீளத் தகடுகள் இருக்கும். அவற்றை ஃபிளாப் என்பீர்கள். இறங்க வரும்போது விமானி ஒரு கைப்பிடியைத் தள்ளினால் இரண்டும் கீழே மடியும். மடிந்தால் விமானம் வேகம் குறைந்து வந்தாலும் காற்று அதைத் தாங்கும்.

ஒரு நாள் லெட்சுமணன் இறங்க வந்தபோது ஃபிளாப் பாதியில் நின்றுவிட்டது. விமானம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. அவர் பதறாமல் கைப்பிடியை மேலே இழுத்ததும் நிமிர்ந்தது. ஃபிளாப் இல்லாமலேயே வேகமாக இறங்கி, ஓடுபாதை முடியும் இடத்தில் புல்லை ஒட்டி நிறுத்தினார். கீழே இறங்கியவர் பட்டறை ஆட்கள், மற்ற விமானிகள், கேன்டீன்காரர் என்று எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தினார். கடைசியாக அந்த விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நீ. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நீ சொன்னாய்: "மோட்டார் தண்டுக்கு கிரீஸ் போட மறந்துட்டேன் சார். என் தப்பு." அவர் கோபம் இறங்கிவிட்டது. நீ தண்டைத் துடைத்துப் புது கிரீஸ் போட்டாய். கைப்பிடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஃபிளாப் ஒழுங்காக இறங்கியது. உன் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தார்கள். விமானம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் கலைந்து போனார்கள்.

இவ்வளவும் எனக்கு வேறொருவர் மூலம் தெரிய வந்தது. நீ வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரும் மீன் கறிய இப்படி முறைச்சுப் பாக்க மாட்டாங்க."

"பிளேன் சாஞ்சுச்சும்மா. அதான் மனசு கேக்கல."

எனக்கு விளங்கும்படி சொல் என்றேன். நீ எழுந்து போய் முன்வாசல் மூங்கில் தட்டியின் கயிறுகளைப் பிடித்தாய். வெயிலுக்கும் சாரலுக்கும் நாம் இறக்கிவிடும் அதே தட்டி. இரண்டு கயிறு, ஒரு கை. "இப்ப என் கைதான் மோட்டார். அது வலது இறக்கையில இருக்கு. வலது பக்கத்த நேரா இறக்கும். இடது பக்கத்துக்கு இங்கேர்ந்து ஒரு கேபிள் கேபினுக்கு மேல கப்பில ஓடிப் போவுது. கைக்குப் பலம் இல்லேன்னா தட்டி என்ன ஆகும்?"

"ரெண்டு பக்கமும் மெதுவா ஏறும்."

"ஒரு பக்கமா சாஞ்சா?"

"கை மேல குத்தம் இல்ல. அந்தப் பக்கத்துக் கயிறு."

"அவ்வளவுதாம்மா. கிரீஸ் கைக்குத்தான். அது ரெண்டு பக்கத்துக்கும் பொது. கிரீஸ் இல்லேன்னா பிளேன் சாயாது."

"நீ கிரீஸ் போட்டியா, இல்லையா?"

"போட்டேன். அன்னிக்குத் தொறந்தப்பகூட பழைய கிரீஸ் அப்படியேதான் இருந்துச்சு."

"பின்னே ஏன் மறந்துட்டேன்னு சொன்னே?"

தட்டியைக் கீழே விட்டாய். "அவரு கத்துனாரும்மா. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. யாராச்சும் ஒருத்தர் ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்ல."

ஆறு வயதில் நீ சொன்ன அதே பதில். அன்று சிரித்தவள் இப்போது கரண்டியைக் கீழே வைத்தேன். "ஞாயித்துக்கிழமை அவரு பினாங்கு போறாரு, தெரியுமா?" என்றேன். தெரியும் என்றாய். "வள்ளியும் போறா. சித்தப்பா வீடு குடிபுகுறாங்களாம். அப்பாவோட பிளேன்ல போறேன்னு வகுப்பு முழுக்கச் சொல்லிட்டா." உன் முகம் மாறியது. அது உனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"போய்த் திருப்பி வாங்கு" என்றேன்.

"எத?"

"நீ கேட்ட மன்னிப்ப."

"அலாமாக், அம்மா! அது என்ன கடைச் சாமானா, புடிக்கலேன்னு திருப்பறதுக்கு? எல்லாரும் என்ன லூசுன்னு தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பினா வாரா வாரம் வந்து பாக்குறேன். கெளம்பு."

மறுநாள் பள்ளி முடிந்ததும் உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நானும் வந்தேன். நீ போகமாட்டாய் என்று நினைத்து வரவில்லை. போய், மறுபடியும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாய் என்றுதான் வந்தேன். புடவையோடு நான் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்ததை என் மாணவிகள் சிலர் பார்த்தார்கள். அதைப் பற்றி அன்று நான் கவலைப்படவில்லை.

பட்டறை ஆட்கள் வேலை முடிந்து போய்விட்டிருந்தார்கள். லெட்சுமணன் மட்டும் கொட்டகையில் விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ போய் நின்றாய். "சார், அன்னிக்கு நான் சொன்னது சரியில்ல. கிரீஸ் போட்டுத்தான் இருந்தேன். கோளாறு வேற எங்கயோ இருக்கு. இத இப்ப ஓட்டக்கூடாது."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு மறந்துட்டேன்னே. இன்னிக்கு மறக்கலேங்கறே. நாளைக்கு வந்து இந்த பிளேனே உங்களோடது இல்லேன்னு சொல்லுவியா தம்பி?" பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்களுமா? என்ன, இவன் வீட்டுப்பாடம் செய்யலேன்னு புகார் சொல்ல வந்தீங்களா?"

"செஞ்சிருந்தான். செய்யலேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டான். அதத் திருத்த வந்திருக்கோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விமானத்துக்குள் கைவிட்டுக் கைப்பிடியைத் தள்ளினார். இரண்டு ஃபிளாப்பும் ஒன்றாக இறங்கின. இழுத்தார், ஒன்றாக ஏறின. "வெண்ணெ மாதிரி போவுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். உன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். உன் உதட்டில் சாரி என்ற சொல் வந்து நின்றதையும் பார்த்தேன். நீ அதை விழுங்கிவிட்டாய்.

"இங்க காத்து இல்ல சார்" என்றாய். "மேல போவும்போது காத்து ஃபிளாப்ப அடியிலேர்ந்து தள்ளும். கேபிள் விறைப்பா நிக்கும். அப்பத்தான் எது சிக்குதுன்னு தெரியும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு மேல தள்ளணும். நீங்க வலது பக்கம் நில்லுங்க." இடது பக்கத்துக்கு ஆளைத் தேடிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாய். நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

என் உயரத்துக்கு அது எட்டவில்லை. கருவிப் பெட்டியைப் புரட்டிப் போட்டு என்னை அதன் மேல் ஏற்றி நிறுத்தினாய். நீ உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளினாய். மோட்டார் முனகியது. தகடு என் உள்ளங்கைகளை அழுத்திக்கொண்டு இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஏற்றி இறக்கினாய். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கத்திலிருந்து லெட்சுமணன், "டீச்சர், கை வலிக்கப் போவுது, இறங்குங்க" என்றார். உள்ளிருந்து நீ, "அம்மா, நீங்க பலமா தள்ளல" என்றாய். என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. தோள் நடுங்கத் தள்ளினேன். அடுத்த முறை பாதி தூரம் இறங்கியதும் கேபினின் கூரைக்குள் டக்கென்று ஒரு சத்தம். என் கையிலிருந்த தகடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அவருடையது இறங்கிக்கொண்டே போனது.

நீ மோட்டாரை நிறுத்தி, எங்களைக் கையை எடுக்கச் சொல்லி, கூரையின் உள்மூடியைக் கழற்றினாய். அங்கே கேபிள் வளைந்து ஓடும் கப்பி இறுகிக் கிடந்தது. அது சுழலாததால் கேபிள் அதன் மேல் உராய்ந்து உராய்ந்து, கம்பி இழைகள் விளக்குமாற்று ஈர்க்குப்போலப் பிய்ந்து நின்றன. விறைப்பாக இருக்கும்போது அவை கப்பியின் காப்புத் தகட்டில் மாட்டிக்கொள்கின்றன. அறாமல் இருந்த இழைகள் கொஞ்சம்தான். அவையும் இறங்கும் நேரத்தில் அறுந்திருந்தால் ஒரு ஃபிளாப் மேலே போயிருக்கும், ஒன்று கீழே நின்றிருக்கும். தரைக்கு அவ்வளவு அருகில் அப்படிச் சாயும் விமானத்தை நிமிர்த்த நேரம் இருந்திருக்காது. லெட்சுமணன் அந்த இழைகளை விரலால் தொட்டார். பிறகு குனிந்து, அதற்கு நேர் கீழே இருந்த இருக்கையின் மேல் கையை வைத்தார். "வள்ளி இங்கதான் உக்காருவா" என்றார்.

அதற்குப் பிறகு நீ சொன்னதைத்தான் இந்த ஊர் கேட்டிருக்க வேண்டும். "சார், இதுல என் தப்பு இருக்கு. சோதனையில ஃபிளாப் மேல இருக்கும்போது மட்டும் கேபிளப் பாத்தேன். அப்ப தேஞ்ச இடம் கப்பிக்குப் பின்னால மறைஞ்சிரும். இறக்கி வச்சும் பாத்திருக்கணும். கப்பியக் கையால சுத்திப் பாத்திருக்கணும். செய்யல." குரல் தாழவில்லை, தலையும் தாழவில்லை. சாரி என்ற சொல் அதில் இல்லை. "அப்ப உன் தப்புதானே?" என்றார் அவர். "ஆமா சார். ஆனா அன்னிக்கு நான் சொன்னது இல்ல." அவர் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். பிறகு, "நானும் அப்படி எல்லார் முன்னாலயும் கத்தியிருக்கக்கூடாது தம்பி, மன்னிச்..." என்று தொடங்கினார். நீ மறித்துவிட்டாய். "அது இருக்கட்டும் சார். புது கேபிள் வர நாளாவும். பினாங்குக்கு கார்ல போங்க."

சேவியர், எனக்குப் பெருமை அதிகம் என்று உன் அக்கா சொல்வாள். அன்று மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் பிறகு அதை எண்ணிப் பார்க்கும்போது பயம்தான் மிஞ்சியது. செய்யாத தவறை நீ ஏற்றுக்கொண்டாய். அதனால் உண்மையில் செய்த தவறு அந்தக் கூரைக்குள் யாரும் தேடாமல் கிடந்தது. அவருடைய கோபம் தணிந்தது, உனக்கும் அமைதி கிடைத்தது, கேபிள் தேய்ந்துகொண்டே இருந்தது. தவறை ஒத்துக்கொள்வது நல்லது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எது தவறு என்று பார்த்த பிறகு ஒத்துக்கொள். இதை அப்போதே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நீ ஒவ்வொரு கேபிளையும் ஃபிளாப் மேலே இருக்கும்போது ஒரு முறையும் கீழே இருக்கும்போது ஒரு முறையும் துணியால் உருவிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஓர் இழை பிய்ந்திருந்தாலும் துணியில் மாட்டும் என்று நீதான் சொன்னாய். விமானத்துக்கு அவ்வளவு பொறுமை காட்டுகிறவன், நீ மணக்கப்போகும் பெண் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்க மாட்டேன் என்கிறாய். அவள் சொல்லட்டும். கோபமாகச் சொன்னாலும் சொல்லி முடிக்கட்டும். இரண்டு பக்கமும் தளர்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் சிக்குகிறதா என்று பார். சிக்குவது உன் பக்கமாக இருந்தால் ஒரு முறை சொல், சரிசெய். இல்லையென்றால் இல்லை என்று சொல்லும் தைரியம் உனக்கு வேண்டும். அன்பாக இருப்பதற்காக எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளும் மனிதரோடு நான் வாழ்ந்திருக்கிறேன். அவரைப்போல நல்லவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு எங்கே வலித்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஸ்டெல்லா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். இவன் மன்னிப்புக் கேட்டால் உடனே வாங்கிக்கொள்ளாதே. எதற்கு என்று கேள்.

முன்வாசல் தட்டி இப்போதும் இடப்பக்கம் சிக்குகிறது. காற்றில்லாத நாளில் ஒழுங்காக இறங்குகிறது, சாரல் அடிக்கும்போதுதான் கோணுகிறது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதைச் சரிசெய்யாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஏறினாய். கல்யாணத்துக்கு மறுவாரம் இரண்டு பேரும் வரும்போது அந்தச் சொல்லை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வா. ஏணி பின்கட்டில் இருக்கிறது. ஒரு பக்கத்தை ஸ்டெல்லா பிடிக்கட்டும், மறுபக்கத்தை நான் பலமாகவே பிடிக்கிறேன். நீ மேலே ஏறிப் பார்.